வாவக்குழியில் ஒரு சாயங்காலம்

கயிறு இறங்கிக்கொண்டே இருக்கிறது. கையுறையையும் தாண்டி அதன் சூடு உள்ளங்கையில் தெரிகிறது. அந்த முனையில் டாக்டர் வைகுண்டம், எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கிணறு மாதிரிச் செங்குத்தாகப் போகும் இந்தக் குகைக்குள் தொங்கியபடி போய்க்கொண்டிருக்கிறார். இந்த முனையில் நான், பேராச்சி. நடுவில் நாங்கு மரத்தில் கட்டிய கப்பிகள், கயிற்றைக் கவ்வும் ஒரு பூட்டு. பூட்டின் கைப்பிடியைத் தூக்கினால் கயிறு ஓடும், விட்டால் நின்றுவிடும். "இறக்கு பேராச்சி, இன்னும் இறக்கு, பயப்படாத" என்கிறார் உள்ளேயிருந்து. பயப்பட வேண்டியது நானா? ஒரு ஆளின் முழுக் கனமும் என் கட்டைவிரலில் இருக்கிறது, அது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்குவாரா? வாவல் என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் வௌவால். எஸ்டேட் ஆட்கள் இந்த இடத்தை வாவக்குழி என்பார்கள். வாசலில் ஒரு தகரப் பலகை. இந்தக் குகையைக் காப்பாற்றியவர் என்று வைகுண்டம் சாரின் பெயர் போட்டிருக்கிறது. காப்பாற்றியவர். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் பல் கூசுகிறது, புளியங்காயைக் கடித்த மாதிரி. குழியிலிருந்து மேலே வரும் வாடை இன்று கனமாக இருக்கிறது, அழுகிய கொய்யாவும் ஈரத்துணியும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி. இதே குழுவில் வேலை பார்த்த தம்பி லீவில் வீட்டுக்கு வந்தால் அவன் சட்டையில் இதே வாடைதான் இருக்கும். அம்மா கம்பை விட்டு அதைத் தூக்கி வாளியில் போடுவாள். "இதுக்குப் போயி படிச்சானாம்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுட்டேன், கொக்கியைக் கழட்டுதேன்" என்று குரல் வருகிறது, கயிறு சட்டென்று செத்த பாம்பு மாதிரித் தொய்கிறது. இனி அவர் கீழே வாவல்களை எண்ணுவார், குட்டியோடு தொங்கும் தாய்கள் எத்தனை, குட்டி இல்லாதவை எத்தனை என்று. இருட்டுவதற்கு முன்னால் மேலே வந்துவிட வேண்டும், அவை கிளம்பும் நேரத்தில் யாரும் குழிக்குள் இருக்கக் கூடாது, அதுதான் விதி. விதியை எழுதியவர் அவர். வாட்சர் பூதலிங்கம் அண்ணன் யானைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்க்க மேட்டுக்குப் போயிருக்கிறார், திரும்பக் கொஞ்ச நேரமாகும். ஆக நானும் கயிறும்தான். தம்பியின் பெயர் சிவனணைந்தான். சிவனைச் சேர்ந்தவன் என்று அர்த்தம், தாத்தாவின் பெயர், வீட்டில் அணைஞ்சான் என்போம். அவன் போன பிறகுதான் அந்தப் பெயருக்குள் இன்னொரு அர்த்தம் இருப்பது காதில் விழுந்தது, விளக்கு அணைகிற அணைதல். வாயில் வரும்போதெல்லாம் அது தடுக்குகிறது. அணைஞ்சான். அணைஞ்சான். யார் அணைத்தது? அவன் தானே அணைந்தான் என்றுதான் இத்தனை வருஷமும் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அனுமதி இல்லாமல், தடுத்தும் கேட்காமல், திமிராகத் தனியே குகைக்குள் இறங்கினான், வாவலிடமிருந்து காய்ச்சல் ஒட்டிக்கொண்டது, சொல்லாமல் மறைத்தான், தெரிந்தபோது ஜீப் ரிப்பேர், மழை வேறு. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, இதைச் சார் சொன்னார். விசாரணையிலும் இதையே சொன்னார், பேப்பர்காரர்களிடமும். அம்மா அழவில்லை. அவனுடைய படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தபோது மாட்ட வேண்டாம் என்றுவிட்டாள். "சொன்ன பேச்சக் கேக்காம சாகப் போனவனுக்கு வெளக்கு என்ன கேடு?" என்றாள். இன்று வரை அந்தப் படம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. செத்துப்போன பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அவனைத்தான் வைகிறாள். அழுதிருந்தால் கரைந்திருக்கும்.

வாவலால் வந்த காய்ச்சல் இல்லை அது. கீழே ஆஸ்பத்திரியில் அவன் உடம்பைப் பார்த்த டாக்டரம்மா அன்றைக்கே என்னிடம் சொன்னாள். அக்குளுக்குக் கீழே சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. உண்ணிக்காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு பூச்சி, கண்ணுக்கே சரியாகத் தெரியாதது, கடித்தால் வருவது. "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா சாதாரண மாத்திரையிலேயே போயிருக்குமேம்மா" என்றாள். ஆனால் பேப்பரில் வாவல் என்று வந்துவிட்டது. சாருக்கு அது வசதி, குகைக்குள் போனான், வாவல் கொன்றது, கதை முடிந்தது. எஸ்டேட் ஆட்கள் பயந்துபோய் டயரையும் மண்ணெண்ணெயையும் தூக்கிக்கொண்டு வந்து இதே குழியின் வாயில் கொளுத்தினார்கள். பட்டப்பகலில் புகைக்குள்ளிருந்து அத்தனையும் குபுகுபுவென்று வெளியே வந்தனவாம். வெயிலில் கண் கூசித் தடுமாறியவற்றைப் பருந்தும் காக்கையும் கொத்தித் தூக்கின. வயிற்றில் குட்டி கவ்விக்கொண்டிருந்த தாய்கள் பாரம் தாங்காமல் பாறையில் விழுந்தன. ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும் இந்தச் சாதி. விழுந்ததை ஈடுகட்ட எத்தனை வருஷம் ஆகும்? அதற்கப்புறம் சார் வந்து எல்லோரையும் அடக்கி, வாவல் நல்லது என்று பேசி, பலகை மாட்டி, காப்பாற்றியவர் ஆனார். அவர் மூட்டிய தீயை அவரே அணைத்தார். மறுபடியும் அணைத்தல். இந்தச் சொல் என்னை விடாது போல.

ஜீப் கதை பொய் என்று தெரியாமல்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளை அவர்தான் கூப்பிட்டார். "உன் தம்பி விட்ட இடத்துலேருந்து நீ செய்" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். கயிறு கட்டவும் கப்பி இழுக்கவும் பழகினேன், வலையில் விழுந்த வாவலைச் சிக்கெடுக்கப் பழகினேன். கைக்குள் அதன் நெஞ்சு துடிக்கும், பெரிய பழுப்புக் கண்ணை உருட்டிக்கொண்டு நாய்க்குட்டி மூஞ்சியோடு பார்க்கும், விரலைக் கடிக்கும். அணைஞ்சான் ஒருமுறை லீவில் வந்தபோது அடுக்களை வாசலில் நின்று சொன்னான், "அக்கா, பறவைக்கு வெட்டவெளின்னா பயம், ஓரமாத்தான் போகும். வாவல் நடுவுல பறந்துகிட்டே பேளும். அதுக்குள்ளதான் அத்தி விதை. தீப்பிடிச்ச காடு திரும்ப முளைக்குதுன்னா இதுக பேண்டதாலதான்." அம்மா கரண்டியை ஓங்கினாள், சோத்து நேரத்துல என்ன பேச்சு என்று. பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது அது, பறித்துக்கொண்டு தனியாக ஒரு கிளைக்குப் போகும், மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும். அந்தச் சக்கையையும் எச்சத்தையும் பொறுக்கி அவன் கேம்பில் பிளாஸ்டிக் பைகளில் மண் போட்டு முளைக்க வைத்திருந்தான். நான் போனபோது பைகள் இல்லை. இடத்தை அடைக்குது என்று சார் தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம். இதையும் பூதலிங்கம் அண்ணன்தான் சொன்னார், போன மாசம், டீக்கடை பெஞ்சில், தலையைத் தூக்காமல். அதோடு சேர்த்து மற்றதையும் சொன்னார். "ஜீப்பு ரிப்பேரெல்லாம் இல்லம்மா. கேம்ப்லதான் நின்னுச்சு. தம்பி கம்பளிய போத்திக்கிட்டு வந்து கெஞ்சிச்சு, கீழ அனுப்புங்க சார்னு. சார் நாளைக்குப் பாப்போம்னாரு. மறுநாளும் அதையே சொன்னாரு. எனக்கு வாயி இல்ல அன்னிக்கு." எனக்கு அந்த டீயைக் கீழே வைக்கத் தெரியவில்லை. கையிலேயே ஆறிப்போய் ஏடு கட்டியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சாருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ரசம் ஊற்றுகிறேன். அவர் கழுத்தில் சதை மடிந்து இறங்கும் இடத்தைப் பார்க்கிறேன். இன்றுதான் முதன்முறையாக அவர் என் கயிற்றில் இறங்கியிருக்கிறார்.

கயிறு லேசாக இருக்கிறது. சும்மா பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. யாரையும் தள்ள வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம். இழுத்துச் சுருட்டி மரத்தடியில் வைத்துவிட்டுப் பூதலிங்கம் அண்ணன் போன பக்கமே நடந்து, சார் அந்தச் சரிவு வழியா கேம்புக்குப் போயிட்டாரு என்று சொன்னால் போதும். உள்ளே தண்ணீர் இல்லை. பக்கவாட்டில் ஏற வழி இல்லை, பாறையெல்லாம் எச்சம் படிந்து சோப்பு மாதிரி. கத்தலாம். இங்கே யார் கேட்பார்கள்? நாளைக்குப் பார்ப்போம். நாளன்றைக்கும் பார்ப்போம். என் கை இழுக்க ஆரம்பித்திருக்கிறது. நான் சொல்லி இழுத்ததா தெரியவில்லை, கை பாட்டுக்கு இழுக்கிறது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, காலடியில் வளையம் வளையமாக விழுகிறது. நெஞ்சுக்கு நடுவில் ஏதோ குளிர்ந்துபோய் நன்றாக இருக்கிறது, வெயிலில் வந்து பானைத் தண்ணீர் குடித்த மாதிரி. "பேராச்சி, ஏன் கயிறு மேல போவுது?" குரலில் இன்னும் பயம் இல்லை. "சிக்கல் சார், எடுத்து விடுதேன்." என் குரல் எவ்வளவு மரியாதையாக இருக்கிறது. எடுத்து விடவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன். நின்றபடியே அடுத்தது என்ன என்று மனசு ஓடுகிறது. தேடுவார்கள், கண்டெடுப்பார்கள். பேப்பரில் போடுவார்கள். காட்டுக்காக உயிரைக் கொடுத்தவர். வௌவால்களின் காவலர். தகரப் பலகையை எடுத்துவிட்டுக் கருங்கல்லில் வெட்டுவார்கள், மாலை போடுவார்கள், வருஷா வருஷம் கூட்டம் நடத்துவார்கள், நான் முன்வரிசையில் உட்கார வேண்டும். அணைஞ்சான்? அவன் சொல்பேச்சு கேட்காதவனாகவே கிடப்பான், பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு. உண்மையைச் சொல்ல வேண்டிய வாயையும் இந்தக் குழிக்குள் போட்டு மூடிவிட்டுப் போகப் பார்த்தேனே. செத்தால் இவர் தப்பித்துவிடுவார். இல்லை. இவர் சாகக் கூடாது. நன்றாக இருக்க வேண்டும். நாக்கு நன்றாக இருக்க வேண்டும். சுருட்டியதை ஒவ்வொரு வளையமாக உள்ளே விடுகிறேன். இரக்கம் எதுவும் வரவில்லை எனக்கு, வந்துவிடுமோ என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. குழிக்குள் சத்தம் மாறுகிறது. இதுவரை கீச்சுக் கீச்சென்று சண்டை, இப்போது டிக் டிக் என்று நாக்கைச் சொடுக்கும் ஒலி. மரத்தில் அடையும் பழந்தின்னி வாவல்கள் கண்ணை மட்டும் நம்பும், இந்தக் குகைச் சாதி இருட்டுக்குள் நாக்கைச் சொடுக்கி எதிரொலியைக் கேட்டு வழி பிடிக்கும். கிளம்பப்போகின்றன. "கொக்கி மாட்டிட்டேன், ஏத்து, சீக்கிரம் ஏத்து" என்கிறார். இழுக்கிறேன். கப்பி இருப்பதால் ஒருத்தியால் முடிகிறது, நிறைய இழுத்தால் கொஞ்சம் ஏறும். தோள் எரிகிறது. தலைவிளக்கின் வெளிச்சம் பாறையில் ஆடிக்கொண்டு மேலே வருகிறது. பாதி வந்திருப்பார். நிறுத்துகிறேன். பூட்டு கயிற்றைக் கவ்விக்கொள்கிறது. "என்னாச்சு?" என்கிறார். "ஒண்ணும் ஆகல சார். நிறுத்தியிருக்கேன்." விளிம்பில் குனிந்து கேட்கிறேன். "அணைஞ்சானுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஜீப் எங்க சார் நின்னுச்சு?" முதல் வாவல் குழிக்குள்ளிருந்து என் காதோரம் போகிறது, காற்றில் துணியை உதறின மாதிரி. "இப்ப எதுக்கு அது? வெளிய வர ஆரம்பிச்சிட்டு, ஏத்து" என்கிறார். "எங்க நின்னுச்சு?" "அதான் சொன்னேனே, ரிப்பேர்ல..." குழி பொங்கியது. பத்தும் இருபதுமாக வந்தவை ஒரேயடியாகக் கறுப்புத் தூணாக எழும்பி வந்தன, காற்று அழுத்தமாக முகத்தில் அடித்தது, இறக்கைகள் என் முடியையும் தோளையும் தட்டிக்கொண்டு போயின, சூடாக ஏதோ நெற்றியில் வழிந்தது. அந்தத் தூணுக்கு நடுவில் அவர் தொங்குகிறார். அவை யாரையும் மோதாமல் விலகத்தான் பார்க்கும், ஆனால் அவ்வளவு குறுகிய வாயில் அத்தனைக்கும் விலக இடம் ஏது? முகத்தை மூடிக்கொண்டு அவர் சுழல்வது கயிற்றில் தெரிகிறது, பெரிய மீன் மாட்டிய தூண்டில் மாதிரி என் கைக்கு வந்து சேர்கிறது ஒவ்வொரு துள்ளலும். இதைத்தான், இதைத்தான் நான் ரசம் ஊற்றும்போதெல்லாம் நினைத்தேன்.

"கேம்ப்லதான் நின்னுச்சு" என்று கத்தினார். "அவன் என்ன கேட்டான்?" "கீழ போணும்னு கேட்டான். பேராச்சி, கும்பிடுதேன்..." "நீங்க என்ன சொன்னீங்க?" "நாளைக்கின்னு சொன்னேன்." "எதுக்கு?" இறக்கைச் சத்தத்தில் அவர் குரல் பிய்ந்து பிய்ந்து வருகிறது. "அத்தி பழுத்திருந்துச்சு. அந்தப் பழம் முடியறதுக்குள்ள வாவலை எண்ணி முடிக்கணும். ஆள் இல்லை. சாதாரணக் காய்ச்சல்னுதான் நெனச்சேன், சத்தியமா." "குகைக்குள்ள அவன் தானா இறங்கினானா?" தானாக இறங்கவில்லை, எல்லோரும் சேர்ந்து எப்போதோ இறங்கினார்கள், அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். இந்தக் கேள்விக்குப் பெரிய பதில் எதையும் எதிர்பார்க்கவில்லை. "சொல்லுங்க." "நான்தான் எறக்கினேன்" என்றார். "எப்போ?" "காய்ச்சலோடதான். ரெண்டாவது நாள். முடியல சார்னான். ஒரு தடவை போயிட்டு வா, அப்புறம் அனுப்புதேன்னேன். கீழ போயி மயங்கிட்டான். நாங்க இழுத்து எடுத்தோம்." எடுத்தோம் என்றார். என் காதில் அதற்கப்புறம் எதுவும் விழவில்லை. இந்தக் குழிக்குள். இதே பட்டையில். காய்ச்சலில் பல் கிட்டித்துக்கொண்டு என் தம்பி இந்த வாய் வழியாகப் போயிருக்கிறான், மேலே ஒருவர் நின்று இறக்கு இறக்கு என்றிருக்கிறார். என் கை கைப்பிடியின்மேல் இருந்தது. கல்வெட்டு, பேப்பர், அம்மா, படம் எல்லாம் எங்கோ போய்விட்டன, யோசித்து வைத்த ஒன்றுகூட மிச்சமில்லை. தூக்கினால் கயிறு ஓடும். அவ்வளவுதான் தெரிந்தது. கைப்பிடி கொஞ்சம் எழும்பியது. கயிறு ஒரு சாண் வழுக்கியது. கீழே ஒரு அலறல், ஆள் மாதிரியே இல்லை அது.

காய்ப்பேறிய ஒரு கை என் கையின்மேல் வந்து அழுத்தியது. பூதலிங்கம் அண்ணன். எப்போது வந்தார் என்று தெரியாது. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "கேட்டுட்டேம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டேன். இழுப்போம் வா" என்றார். நான் கையை எடுக்கவில்லை. அவர் பிடித்துத் திருகவும் இல்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றார், என் விரல்கள் தானாகத் தளரும் வரைக்கும். பிறகு இரண்டு பேரும் இழுத்தோம். வாவல்கள் போய் முடிந்திருந்தன, குட்டி சுமக்கும் தாய்கள் மட்டும் கடைசியாக ஒவ்வொன்றாகத் தாழப் பறந்து வந்தன. சார் விளிம்பைப் பிடித்து ஏறி, தவழ்ந்து, மரத்தடியில் போய்க் குந்தினார். தலையெல்லாம் எச்சம், கன்னத்தில் ஒரு கீறல், கண்ணாடி எங்கோ விழுந்திருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் முகம் சிறியதாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைப் பூதலிங்கம் அண்ணன் நீட்டினார். குடித்தார். "நீ என்னைக் கொல்லப் பாத்தே" என்றார். "ஆமா" என்றேன். "இதை நான் சும்மா விடமாட்டேன் பேராச்சி. மேல சொல்லுவேன்." "சொல்லுங்க சார். நான் ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுதேன். நான் சொல்லாட்டி அண்ணன் சொல்லுவாரு." அவர் பூதலிங்கம் அண்ணனைப் பார்த்தார். எப்போதும் தலை குனிந்து நிற்கும் மனுஷர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். சாருக்கு அப்போதுதான் உண்மையாகவே குளிரத் தொடங்கியது போல, முழங்காலைக் கட்டிக்கொண்டார். மெதுவாகக் கேட்டார், "உனக்கு என்ன வேணும்?" இதை யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. உங்கள் உயிர் வேண்டும் என்றுதான் நாக்கு நுனியில் இருந்தது. இன்னும் இருக்கிறது. "எங்க அம்மாகிட்ட சொல்லணும். எங்கிட்ட சொன்ன மாதிரியே. ஒரு சொல் குறையாம" என்றேன்.

ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். சார் பக்கத்தில், பூதலிங்கம் அண்ணன் பின்னால். கேம்புக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் கீழே இறங்கும் ரோட்டில் விட்டபோது சார் கேம்பு ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். வளைவுக்கு வளைவு காது அடைக்கிறது. வீரவநல்லூரில் அம்மா இந்நேரம் அரிசி களைந்துகொண்டிருப்பாள். எங்கே வந்தீங்க என்று கேட்பாள், சாரைப் பார்த்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு காப்பி போட எழுந்திருப்பாள். போட விடக் கூடாது. கேட்ட பிறகு என்ன செய்வாள்? அவர் சட்டையைப் பிடிப்பாளா, என்னைப் பிடிப்பாளா, இவ்வளவு வருஷம் வைத வாயை என்ன செய்வாள்? பிள்ளையைத் திட்டிக்கொண்டே இருந்தது அவளுக்கு ஒரு ஊன்றுகோல் மாதிரி இருந்தது. அதைப் பிடுங்கப் போகிறேன். அதற்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும். இவரை விடமாட்டேன், இன்றோடு முடிந்தது என்று இவர் நினைத்தால் தப்பு. பக்கத்தில் அவர் சட்டைப் பொத்தான்களைத் தடவித் தடவிப் போடுகிறார், கைக்குட்டையால் தலையைத் துடைக்கிறார், அத்தி விதைகள் மடியில் உதிர்கின்றன. உதடு அசைகிறது. சொல்லிப் பார்க்கிறார். "அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"அம்மான்னு கூப்பிடாதீங்க" என்றேன்.

"பின்ன எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடவே வேண்டாம். விஷயத்தச் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.